நைலான் வலையும் எஞ்சின் குழாயும்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே மாணவர்களுள் பலருக்கு நினைவில் எழுகின்றன. அவையும் அறிய வேண்டியவையே. ஆனால், மனிதன் தன் கையில் எடுத்து ஆண்ட பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்லை விட்டுச் செம்பை எடுத்ததும், செம்பை விட்டு இரும்பை எடுத்ததும், எத்தனையோ முடியரசுகளின் தோற்றத்தையும் மறைவையும் விட ஆழமான மாறுதல்களை அவன் வாழ்வில் உண்டாக்கின. அத்தகைய மாறுதல் ஒன்று நம் காலத்திலும் நடந்திருக்கிறது. பஞ்சும் மரமும் உலோகமும் இருந்த இடங்களில் பிளாஸ்டிக் வந்து அமர்ந்த மாறுதல் அது. அதன் கதையைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தொடங்கி, விரைந்து ஓடும் மோட்டார் காரின் எஞ்சின் வரை தொடர்ந்து காண்பது இப்பேச்சின் நோக்கம்.

மீனவக் குப்பத்திற்கும் கார் எஞ்சினுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. ஏரியில் விரிக்கும் வலையும், இக்காலக் கார் எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருளால் ஆனவை. அப்பொருளின் பெயர் நைலான். அதிலும் வியப்பு என்னவென்றால், பொறியியலார் அதை எஞ்சினில் துணிந்து பொருத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நம் மீனவர்கள் அதைக் கையில் எடுத்து, அதன் நிறைகுறைகளை நீரில் சோதித்து அறிந்துவிட்டார்கள்.

முதலில் இடத்தை மனத்தில் கொள்வோம். சென்னைக்கு வடக்கே, கடலோரமாகக் கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாக் கரையிலுள்ள சில்காவுக்கு அடுத்த பெருமை உடையது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் இதில் வந்து கலக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனைக் கடலிலிருந்து பிரிக்கின்றது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பினும், கடலோடு சேரும் தென்முகத்துவாரமும் அதனைச் சூழ்ந்த கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களும் தமிழ்நாட்டில் உள்ளன. டச்சுக்காரர் 1613-இல் இங்கே ஜெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அவர்களைக் கடல் கடந்து இக்கரைக்கு இழுத்தது பொன்னன்று, மணியன்று; சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே. ஆகவே, இவ்வூரின் பெயரை உலகறியச் செய்ததே பஞ்சு என்னும் ஒரு பொருள்தான் எனலாம்.

இதே வட்டாரத்தின் மறுமுகம் உலோகத்தின் முகம். பழவேற்காட்டுக்குத் தெற்கே கடலோரமாகச் சென்றால் எண்ணூர் வரும். 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிலை நிலைநிறுத்தியது; 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1959-இல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் என்னும் வார்ப்படச் சாலை அமைந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, எஞ்சின் உறுப்புகளை வார்ப்பது அதன் பணி. தென்மேற்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950-களிலிருந்து 1980-கள் வரை மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. பொன்னேரி வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய என்னிடம், தந்தை வலை வீச மகன் வார்ப்படச் சாலைக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் படித்தார்கள். பஞ்சும் மரமும் உலோகமும் பிளாஸ்டிக்கும் அவர்கள் வீடுகளில் ஒன்றையொன்று சந்தித்தன.

இனி, பழைய வலையைப் பார்ப்போம். நைலான் வருமுன் நம் கரையில் பருத்தி நூலாலும் சணல் வகை நார்களாலும் வலை பின்னினார்கள். பருத்திக்கு ஓர் அரிய குணம் உண்டு: நனைந்தால் அதன் வலிமை சற்றே கூடும். ஆயினும், ஈரத்தில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை அரித்துவிடும். ஆகவே வலையை ஒவ்வொரு நாளும் மணலில் விரித்து உலர்த்த வேண்டும். அவ்வப்போது துவர்ப்புள்ள மரப்பட்டைகளையும் காய்களையும் காய்ச்சிய சாற்றில் ஊறவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். தோலைப் பதனிடும் அதே துவர்ப்புச் சத்துதான் வலையையும் காத்தது. எனவே ஒரு வலை என்பது ஒரு நாளில் வாங்கி முடிப்பதன்று. அது முதியோர், பெண்டிர், சிறுவர் அனைவரின் உழைப்பையும் நாள்தோறும் கேட்கும் குடும்பச் சொத்து.

படகும் அப்படியே. கடலுக்குச் சென்றது கட்டுமரம். ஆங்கிலேயர் தம் மொழியில் ‘கேட்டமரன்’ என்று வழங்குவது நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே. இலேசான மரத்தண்டுகளைக் கயிற்றால் கட்டி மிதக்கவிடும் அந்த எளிய கலத்தில் ஓர் ஆழ்ந்த அறிவு மறைந்திருந்தது. தொழில் முடிந்து கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயவிடுவார்கள். நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும். காய்ந்தால் மீண்டும் இலேசாகும். அலையில் மூழ்காமல், உடைந்தால் ஒரு தண்டை மட்டும் மாற்றிக்கொள்ளத்தக்கதாய், கரையிலேயே செப்பனிடத்தக்கதாய் அது இருந்தது. ஏரிக்குள் பாய் விரித்த பலகைப் படகுகள் ஓடின. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இத்தகைய கலங்களையும் வலைகளையும் ஆராய்ந்து விரிவாக எழுதி வைத்தார்.

இந்த உலகத்திற்குள் புதுப்பொருள் நுழைந்தது எப்படி? அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் ரசாயன விஞ்ஞானியின் குழு 1935-இல் நைலானை உருவாக்கியது. அது விற்பனைக்கு வருமுன், 1937-இலேயே கரோதர்ஸ் மறைந்தார். 1938-இல் பல்துலக்கும் தூரிகையின் இழையாகவும், 1940-இல் பெண்களின் காலுறையாகவும் நைலான் கடைக்கு வந்தது. அதே 1938-இல் ஜெர்மனியில் பவுல் ஷ்லாக் என்பவர் சற்றே வேறுபட்ட இன்னொரு வகையைக் கண்டார். முன்னதை நைலான் 66 என்றும் பின்னதை நைலான் 6 என்றும் வழங்குவர். போர் மூண்டதும் நைலான் பாராசூட்டுக்குச் சென்றது. போர் ஓய்ந்ததும் உலகெங்கும் மீனவரின் கைக்கு வந்தது.

இந்தியாவில் மீன்பிடித் தொழிலைப் புதுமைப்படுத்தும் பெருமுயற்சி, 1952-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே வந்த இந்திய-நார்வே திட்டத்தோடு தொடங்கியது எனலாம். கொல்லத்தை அடுத்த நீண்டகரை அதன் களம். எஞ்சின் பூட்டிய படகுகளும் நைலான் வலைகளும் அங்கே முன்வைக்கப்பட்டன. 1957-இல் கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கடற்கரையெங்கும் நைலான் நூல் பரவிற்று. மெல்லியது, உறுதியானது, அழுகாதது, சாயம் கேளாதது, நாள்தோறும் உலர்த்த வேண்டாதது! இத்தகைய நூலை எந்த மீனவர்தாம் மறுப்பார்?

ஆனால், நைலானுக்கும் குறைகள் உண்டு. நீரில் நனைந்தால் அதன் வலிமை சற்றே குறையும். வெயில் அதன் பகை. நெடுநாள் கதிரவன் ஒளியில் கிடந்தால் இழை நொய்ந்துவிடும். பருத்தி வலையை வெயிலில் காயவைத்தே காத்த தலைமுறைக்குப் பின், நைலான் வலையை ஓலையாலும் துணியாலும் மூடி நிழலில் காக்கும் தலைமுறை வந்தது. பொருள் மாறியபோது பழக்கம் தலைகீழாயிற்று. இதில் ஒரு பாடம் இருக்கிறது. புதிய பொருளைப் பழைய பொருளின் முறையில் பேணினால் அது கெடும்.

அடுத்து மாறியது படகு. கண்ணாடியை உருக்கி மயிரினும் மெல்லிய இழையாக இழுக்கும் தொழில் 1930-களில் அமெரிக்காவில் முதிர்ந்தது. அந்த இழையைத் துணியாக்கி, பிசின் போன்ற பிளாஸ்டிக் குழம்பில் தோய்த்து, அச்சின் மேல் அடுக்கடுக்காகப் படிய வைத்தால், இறுகிய பின் இலேசான, உறுதியான ஓடு கிடைக்கும். செவர்லே நிறுவனம் 1953-இல் கார்வெட் என்னும் விரைவுக் காரின் உடலை இம்முறையில் ஆக்கிக் காட்டியது. நம் கரையிலோ, 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கிற்று. அலை மோதும் கரையில் இறங்கத்தக்க புதுப்படகுகளை அத்திட்டத்தார் சோதித்தனர். 1980-களிலும் 1990-களிலும் ‘ஃபைபர் படகு’ பெருகிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கட்டுமரங்களை வாரிக்கொண்டு போன பின், நிவாரணமாக வந்தவற்றுள் ஃபைபர் படகுகளே மிகுதி. அதன்பின் கட்டுமரம் அருகிற்று. மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஃபைபரைத் துளைப்பதில்லை. மரத்தைப் போல் அது நீரைக் குடித்துக் கனப்பதுமில்லை. வெளிப்பொறியைப் பின்புறம் மாட்டினால் விரைந்து ஓடும். ஆனால், உடைந்தால் உளியும் வாச்சியும் உதவா. செத்த கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும். செத்த ஃபைபர் படகு கரையிலேயே கிடக்கும்.

இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இனி எஞ்சினுக்குள் செல்வோம். பெட்ரோல் எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 முறை காற்றை உள்ளிழுக்கிறது. வெளியிலிருந்து வரும் காற்றை எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய்த் தொகுதியை ‘இன்டேக் மேனிஃபோல்டு’ என்பர். நாம் அதைப் பகிர்குழாய் எனக் கொள்வோம். ஒரு வாய்க்காலிலிருந்து பல வயல்களுக்கு மடை பிரிவதை எண்ணிக்கொண்டால் அதன் உருவம் விளங்கும். எந்த மடைக்கும் நீர் குறையலாகாது. எந்த வளைவிலும் நீர் தடைப்படலாகாது.

நெடுங்காலம் இப்பகிர்குழாய் வார்ப்பிரும்பாலும், பின்னர் அலுமினியத்தாலும் ஆக்கப்பட்டது. உலோகம் உறுதியானது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அக்காலத்து எஞ்சின்களில் கார்புரேட்டர் என்னும் கருவி பெட்ரோலைக் காற்றோடு கலந்து பகிர்குழாய்க்குள் அனுப்பியது. குழாய்ச் சுவர் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் திவலைகள் அதில் படிந்து வழியும். சில சிலிண்டர்களுக்கு மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் எரிபொருள் சேரும். ஆகவே பகிர்குழாயை வேண்டுமென்றே சூடாக வைத்திருந்தார்கள். புகைக்குழாயின் வெப்பத்தையோ, எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரையோ அதனருகே செலுத்தினார்கள். வெப்பத்தைத் தடையின்றிக் கடத்தும் உலோகம் அவ்வேலைக்கு ஏற்ற பொருள். நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை எல்லாம் கார்புரேட்டர் காலத்துப் பிள்ளைகளே.

பந்தய மெக்கானிக்கின் வேலையும் உலோகத்தை நம்பியே இருந்தது. வார்ப்பில் வந்த குழாயின் உட்சுவர், வார்த்த மணலின் சொரசொரப்பைத் தாங்கியிருக்கும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். குழாயின் வாயை எஞ்சின் தலைப்பகுதியின் துளையோடு மயிரிழை பிசகாமல் பொருத்துவார்கள். தேவையானால் வெட்டி, நீட்டி, பற்றவைப்பார்கள். புல்லாங்குழலின் நீளத்திற்கேற்பச் சுரம் மாறுவது போல, பகிர்குழாயின் நீளத்திற்கேற்ப எஞ்சின் எவ்வேகத்தில் நன்கு மூச்சு வாங்கும் என்பதும் மாறும். நீண்ட குழாய் மெதுவான சுழற்சிக்கும், குட்டைக் குழாய் விரைந்த சுழற்சிக்கும் உதவும். சோழவரத்து ஓடுதளத்தில் வெற்றியும் தோல்வியும் சில விநாடிகளில் அடங்கியபோது, இத்தகைய சிறு வேலைகளின் மதிப்பு பெரிது.

பிறகு வந்தது ஒரு திருப்பம். 1980-களில் மேலைநாடுகளில், எரிபொருளைக் கார்புரேட்டரில் கலக்காமல், ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் மின்கட்டுப்பாட்டோடு பீச்சும் முறை பரவிற்று. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அதை விரைவுபடுத்தின. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த புகை விதிகளோடு கார்களில் இம்முறை பரவலாயிற்று. இதனால் பகிர்குழாயின் கடமை மாறிவிட்டது. இனி அதில் பெட்ரோல் செல்ல வேண்டியதில்லை. வெறுங்காற்று மட்டுமே செல்லும். முன்பு நன்மையாக இருந்த வெப்பம் இப்பொழுது தீமையாயிற்று. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் ஒரே கொள்ளளவில் புகும் உயிர்வாயு குறையும். அது குறைந்தால் ஆற்றலும் குறையும். உலோகம் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் வேலைதான் மாறியது. நேற்றுப் புகழப்பட்ட அதே குணம் இன்று குறையாக எண்ணப்பட்டது.

இந்த இடத்தில்தான் நம் பழைய நண்பனாகிய நைலான் எஞ்சினுக்குள் வருகிறது. நைலானோடு நறுக்கிய கண்ணாடி இழையை, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, அச்சில் அழுத்தி வார்ப்பார்கள். வலையின் பொருளும் ஃபைபர் படகின் பொருளும் ஒன்றாய்க் கலந்தாற்போன்றது அது. அலுமினியம் நீரைப் போல் 2.7 மடங்கு கனம். இக்கலப்பு ஏறத்தாழ 1.4 மடங்கே. வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலில் அலுமினியம் இதை விடச் சில நூறு மடங்கு விஞ்சியது; ஆகவே எஞ்சினின் சூடு இச்சுவரைக் கடந்து காற்றை எளிதில் எட்டுவதில்லை. உட்சுவரோ அச்சிலிருந்து வரும்போதே வழவழப்பாயிருக்கும். மெக்கானிக்கின் அரத்திற்கு வேலையில்லை.

வளைந்து வளைந்து செல்லும் உட்கூடான குழாயை அச்சில் எப்படி எடுப்பது? இதற்குக் கண்ட ஒரு வழி தமிழர்க்கு மிக நெருங்கியது. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர் அல்லவா? அதைத் திருப்பிப் போட்டாற்போல, குழாயின் உட்கூட்டு வடிவத்தை வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தால் வார்த்து, அதன்மேல் நைலானைப் படிய வைத்து, பிறகு உள்ளிருக்கும் உலோகத்தை உருக்கி வடித்துவிடுவர். அக்கலப்புலோகம் 138 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகும். நைலான் 66 உருக ஏறத்தாழ 260 டிகிரி வேண்டும். சிற்பியின் சாலையில் மெழுகு வழிந்தது, உலோகம் நின்றது. இங்கே உலோகம் வழிந்தது, பிளாஸ்டிக் நின்றது. பின்னாளில் இரண்டு மூன்று ஓடுகளைத் தனித்தனியே வார்த்து, விளிம்புகளை அதிரச்செய்து உராய்வுச் சூட்டில் ஒட்டும் எளிய முறை பரவிற்று.

1953-இல் கண்ணாடி இழை உடலோடு வந்த அதே கார்வெட், 1997-இல் புதிய 5.7 லிட்டர் எஞ்சினோடு வந்தபோது, அதன் பகிர்குழாய் நைலான் கலப்பால் ஆனதாயிருந்தது. விரைவுக் காருக்குப் பிளாஸ்டிக் ஆகாது என்ற எண்ணம் அதன்பின் நிற்கவில்லை. இப்போது மிகப் பல சாதாரணக் கார்களிலும் பிளாஸ்டிக் பகிர்குழாயே உள்ளது.

அப்படியாயின், உலோகம் தோற்றதா? அவசரப்பட வேண்டா. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 4.6 லிட்டர் எஞ்சின் ஒன்றில் 1996 முதல் 2001 வரை முழுதும் பிளாஸ்டிக்கால் ஆன பகிர்குழாய் பொருத்தப்பட்டது. காவல்துறையும் வாடகைக் கார்க்காரரும் பெரிதும் ஓட்டிய கிரவுன் விக்டோரியா அத்தகைய கார்களுள் ஒன்று. அப்பகிர்குழாயின் முன்புறத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து செல்லும் பாதையும் பிளாஸ்டிக்காகவே இருந்தது. காற்று செல்லும் இடத்தில் குறையில்லை. கொதிக்கும் நீர் அழுத்தத்தோடு செல்லும் அந்த ஒரே இடத்தில் விரிசல் கண்டது. நீர் ஒழுகினால் எஞ்சினே கெடும். வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர்; அது பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. அதற்குக் கண்ட தீர்வு, பிளாஸ்டிக்கைத் தூக்கியெறிவதன்று. நீர் செல்லும் அந்தப் பாதையை மட்டும் அலுமினியத்தால் ஆக்கி, மற்றவற்றைப் பிளாஸ்டிக்காகவே விட்டார்கள்.

இத்தீர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ‘எது உயர்ந்தது?’ என்ற கேள்வியை விட்டு, ‘எது எங்கே உயர்ந்தது?’ என்று கேட்டதன் பயன் அது. பந்தயக்காரர் வழக்கமும் இதற்குச் சான்று. தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே ஓடும் எஞ்சினுக்குப் பிளாஸ்டிக் குழாய் போதும். பல வேளைகளில் அதுவே மேல். ஆனால், காற்றை மிகுந்த அழுத்தத்தில் திணித்து ஆற்றலைப் பன்மடங்கு பெருக்க விரும்புவோர் இன்றும் அலுமினியத்தை நாடுகின்றனர். எரிபொருள் தவறான நேரத்தில் பற்றி, குழாய்க்குள் பின்வெடிப்பு நேர்ந்தால், பிளாஸ்டிக் ஓட்டின் ஒட்டு பிளந்துவிடக்கூடும். நல்ல உலோகச் சுவர் தாங்கும். உடைந்தாலும் பற்றவைக்கலாம், விரும்பியபடி திருத்தலாம். பிளாஸ்டிக் உடைந்தால் புதிதை வாங்குவதே வழி.

மாணவர்களே, ஏரிக்கரைக்குத் திரும்புவோம். நைலான் அழுகாது என்பதே அதன் முதற்பெருமை என்று கண்டோம். அதே குணம் வலை அறுந்து நீரில் தொலைந்தபின் பெருந்தீங்காகிறது. தொலைந்த பருத்தி வலை சில காலத்தில் மக்கி மறையும். தொலைந்த நைலான் வலையோ, இழுக்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். ‘பேய் வலை’ என்று அதை வழங்குவது பொருத்தமே. உடைமைக்காரர் கையில் இருந்தவரை அழுகாமை ஒரு வரம். கை நழுவியபின் அது சாபம்.

பழவேற்காட்டு ஊர்களில் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரிமுகத்தில் இறால் பிடிக்கும் இடங்களை உரிமையுடைய ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று ஒருவருக்குக் கிடைத்த நல்ல இடம் நாளை இன்னொருவருக்குச் செல்லும். வலியவர் எளியவரை விலக்கிவிடாமல் காக்க ஊரே வகுத்த ஒழுங்கு அது. இடத்தையும் முறையையும் அவ்வொழுங்கு பகிர்ந்தளித்தது. வலை எதனால் ஆனது என்பதை அது கேட்கவில்லை. பருத்தி வலைக்கு அக்கேள்வி தேவைப்படவுமில்லை. இயற்கையே அதற்கு ஆயுள் குறித்திருந்தது. அழுகாத பொருளுக்கு ஆயுள் குறிக்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது. எத்தனை வலை கொண்டுபோனோம், எத்தனை திரும்பிற்று, கிழிந்தது எங்கே போயிற்று என்று கணக்கு வைப்பதும் இனி ஊரொழுங்கின் ஒரு கூறாக வேண்டும் என்பது என் துணிபு. பாடு முறையை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு இது எட்டாத காரியமன்று.

கிழிந்த வலைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். இந்துமாக்கடலிலும் அரபிக்கடலிலும் கைவிடப்பட்ட நைலான் வலைகளைத் திரட்டி, தூய்மை செய்து, உருக்கி, அந்த நைலானால் ஆன சிறு பிடிப்புகளைத் தன் பிராங்கோ ஸ்போர்ட் காரில் பொருத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021-இல் அறிவித்தது. மின்கம்பிகளைக் காரின் உள்ளே பிடித்து நிறுத்தும் பிடிப்புகள் அவை. வலையும் கார் உறுப்பும் ஒரே குடும்பம் என்று தொடக்கத்தில் சொன்னேன். இங்கே வலையே கார் உறுப்பாகிவிட்டது. ஆனால், இதைக் கேட்டு நிறைவு கொண்டுவிடலாகாது. உடைந்த அலுமினியத்தை எண்ணூர் வட்டாரத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார். அது மீண்டும் உருகி உலோகமாகும். கண்ணாடி இழை ஏறிய பிளாஸ்டிக்கையும் செத்த ஃபைபர் படகையும் அவ்வளவு எளிதில் மீட்க இயலாது. எடைக்கு வாங்க ஆளில்லாத பொருள் கரையில்தான் சேரும்.

ஆகவே, எந்தப் புதுப்பொருள் உங்கள் கைக்கு வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு சூட்டையும் விசையையும் தாங்கும்? இதற்கு முன்பிருந்த பொருள் எந்த வேலையைச் செய்தது, அந்த வேலை இன்னும் அப்படியே இருக்கிறதா? இது பழுதுபட்டால் நம் ஊரில் யார் செப்பனிடுவர்? இதன் ஆயுள் முடிந்தபின் இது எங்கே போகும்? முதலிரண்டு கேள்விகளுக்கு எஞ்சின் செய்வோர் நன்கு விடை சொல்வர். பின்னிரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள், அப்பொருளோடு வாழ வேண்டியவர்கள். குப்பத்துப் பிள்ளைகளாகிய உங்களில் பலர் நாளை பொறியியல் பயில்வீர்கள்; தொழிற்சாலைகளில் பொருளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அங்கே இந்நான்கையும் சேர்த்துக் கேட்கும் தகுதி, ஏரியையும் எஞ்சினையும் ஒருங்கே அறிந்த உங்களுக்கே மிகுதி.

இறுதியாக ஒரு வேலை. பருத்தி வலை பின்னிய கைகளும், சாயம் காய்ச்சிய அடுப்பின் பக்குவத்தை அறிந்த முதியோரும் நம் ஊர்களில் வெகு சிலரே எஞ்சியிருப்பர். எந்தப் பட்டையை எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள், வலையின் கண்ணை எதைக் கொண்டு அளந்தார்கள், கட்டுமரத்தின் தண்டை எப்படித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எழுதிய நாளையும் ஊரையும் மறவாமல் குறியுங்கள். அவர்கள் அறிவு அவர்களோடு மறைந்து போகாமல் காக்கும் வழி அதுவே.